கிதாரை விடுவதா, குடும்பத்தை விடுவதா?

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் நான்கு பேர் கொண்ட தமிழ் ராக் இசைக்குழுவில் பாடுகிறேன், கிதார் வாசிக்கிறேன், பாடல்களும் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடல் ஒன்று இணையத்தில் பரவியது. அந்த வேகத்தில் ஐ.டி. வேலையை விட்டேன். இப்போது மாதத்தில் மூன்று வாரக் கடைசிகளாவது பெங்களூரு, கொச்சி, புணே என்று எங்காவது நிகழ்ச்சி இருக்கிறது. வார நாட்களில் மூன்று நாள் ஒத்திகை. மற்ற நேரம் ரசிகர்களோடு தொடர்பில் இருக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். ஐந்து வயதில் ஒரு மகள். மாமனார் எங்களோடு இருக்கிறார். "வீட்டில் இருக்கும்போதும் நீங்கள் வீட்டில் இல்லை" என்கிறாள் மனைவி. போன மாதம் இரவில் காய்ச்சல் வந்தபோது, பக்கத்தில் படுத்திருந்த என்னைத் தாண்டிப் போய்த் தாத்தாவை எழுப்பினாள் மகள். அவள் என் பாட்டை முணுமுணுக்கும் வீடியோவை ஒருமுறை போட்டேன். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். மனைவி பத்து நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறாள். ஒரு வருடமாகப் புதுப் பாட்டு எழுதவும் வரவில்லை; வீட்டுச் சூழல்தான் காரணம். நிகழ்ச்சி முடிந்தால் விடியும்வரை தூக்கம் வராது. இரண்டு மூன்று பெக் உள்ளே போனால்தான் கண் மூடும். உண்மையான ராக் கலைஞன் குடும்பஸ்தனாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. ஜான் லெனன்கூட ஒரு காலத்தில் இசை, ஒரு காலத்தில் குடும்பம் என்றுதானே வாழ்ந்தார்? நான் எதை விடுவது?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டில் அது இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் ஒத்திகை, மாதத்துக்கு மூன்று வாரக் கடைசி நிகழ்ச்சி. ஒரு லாரி ஓட்டுநரோ கப்பல் ஊழியரோ மருந்து நிறுவனப் பிரதிநிதியோ இதைவிட அதிகமாக வீட்டைப் பிரிந்திருக்கிறார். அவர்களில் பலரை அவர்களுடைய பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் இசைக்கு ஆகும் நேரம் ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ளக்கூடிய நேரம்தான். "மற்ற நேரம் ரசிகர்களோடு தொடர்பில் இருக்க வேண்டியிருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. அந்த 'மற்ற நேரம்'தான் உங்கள் மனைவியும் மகளும் விழித்திருக்கும் நேரம்.

இசை, புகழ், குடும்பம் என்று உங்கள் வாழ்க்கையில் மூன்று இருக்கின்றன. முதல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, அந்த மூட்டையை இறக்குவதா, குடும்பத்தை இறக்குவதா என்று கேட்கிறீர்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டுச் சூழலால் பாட்டு வரவில்லை என்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடல் பரவியபோது உங்கள் மகளுக்கு இரண்டு வயது. ஐ.டி. வேலையும் இருந்தது. தூங்காத குழந்தை, அலுவலகம், மாதத் தவணை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அதை எழுதினீர்கள். வீடு பாட்டைக் கொல்லும் என்றால் அப்போதே கொன்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கைக்குள் புதிதாக வந்தது வீடு அல்ல. உங்கள் பாட்டுக்கு எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று நாள் முழுக்கப் பார்க்கும் பழக்கம்தான் புதிதாக வந்தது. அது வீட்டைத் தின்பதற்கு முன்பே பாட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நீங்கள் அழைத்திருக்கும் சாட்சி. லெனனைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

முதல் மகன் ஜூலியன் பிறந்தது 1963 ஏப்ரலில். லெனனின் இசைக்குழுவான பீட்டில்ஸ் புகழேறிக்கொண்டிருந்த நேரம் அது. ரசிகைகள் கோபித்துக்கொள்வார்கள் என்று மனைவியும் குழந்தையும் இருப்பதையே வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு மண வாழ்க்கை முறிந்தது. 1968-இல் அந்தச் சிறுவனைத் தேற்ற ஒரு பாடல் எழுதத் தொடங்கியவர் அப்பாவின் நண்பர் பால் மெக்கார்ட்னி. அப்பா அதை எழுதவில்லை. உலகமே பாடிய அந்த 'ஹே ஜூட்' பாட்டைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சிறுவனின் ஞாபகம்தான் வரும். ஆலோசனை சொல்லும் எங்கள் தொழிலின் கோளாறு அது. இரண்டாவது மகன் ஷான் 1975-இல், லெனனின் 35-ஆவது பிறந்தநாளிலேயே பிறந்தார். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் லெனன் புது ஆல்பம் எதுவும் வெளியிடவில்லை. நியூயார்க் வீட்டில் ரொட்டி சுட்டார், குழந்தையைப் பார்த்துக்கொண்டார். 1980-இல் ஸ்டுடியோவுக்குத் திரும்பினார்; அந்த நவம்பரில் ஆல்பம் வந்தது; டிசம்பர் 8 அன்று கொல்லப்பட்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது, ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை என்பதை. நான் பார்ப்பது வேறு. முதல் பிள்ளையிடம் அவர் தவறவிட்டதை ஐந்து ஆண்டு இசையைத் தியாகம் செய்து இரண்டாவது பிள்ளைக்குக் கொடுத்தார். முதல் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தீரவில்லை. உங்களுக்கு ஒரே மகள். மேலும், ஐந்து ஆண்டு சும்மா இருக்கும் அளவுக்கு அவரிடம் பணம் இருந்தது. உங்கள் வீட்டில் மாதாமாதம் வருகிற சம்பளம் உங்கள் மனைவியுடையது. இதைக் கடிதத்தில் நீங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை, நான்தான் ஊகிக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

லெனனை விட்டுவிட்டு அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் மேடையில் நின்று பாடுகிறவர், 1984-இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த முகம். ராக் கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் படத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம். 1982-இலேயே, இன்னும் அந்தப் பெரும் புகழ் வராத நேரத்தில், மன அழுத்தத்தால் மனநல ஆலோசனைக்குப் போகத் தொடங்கியவர். முதல் திருமணம் 1985-இல் நடந்து சில ஆண்டுகளில் முறிந்தது. தன் இசைக்குழுவிலேயே பாடும் பாட்டி சியால்ஃபா (Patti Scialfa) என்பவரை 1991-இல் மணந்தார். மூன்று குழந்தைகள்.

இவற்றையெல்லாம் 2016-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். இசைக்காரர்களுக்கே உரிய பழக்கப்படி இரவெல்லாம் விழித்திருந்து பகலில் நெடுநேரம் தூங்குகிறவர் அவர். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோது மனைவி ஒருநாள், காலையில் எழவில்லை என்றால் பிள்ளைகளைத் தவறவிடுவாய், காலையில்தான் அவர்கள் மிக நன்றாக இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் எழுந்தார். காலை உணவு சமைக்கக் கற்றுக்கொண்டார். முதலில் சொதப்பியிருக்கிறார், பிறகு கை தேர்ந்தது. பாட்டு கைவிட்டால் எந்த உணவகத்திலும் காலை வேளைச் சமையல்காரனாகப் பிழைத்துக்கொள்வேன் என்கிற தோரணையில் கேலியாக எழுதுகிறார்.

நீங்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த அம்மையார் பாட்டை நிறுத்து என்று சொல்லவில்லை. சுற்றுப்பயணத்தை ரத்து செய் என்றும் சொல்லவில்லை. ஒரு வேளையைக் கேட்டார். தினமும், அதே நேரத்தில், கைதட்டல் எதுவும் கிடைக்காத ஒரு வேலை. குழந்தைக்கு அப்பா யார் என்று தெரிவது இப்படித்தான். ஒரு பிள்ளை காய்ச்சலில் யாரை எழுப்புகிறது என்பதை அன்பு தீர்மானிப்பதில்லை, பழக்கம் தீர்மானிக்கிறது. உங்கள் மகளுக்கு உங்கள்மேல் அன்பு இல்லையோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தாத்தாவுக்குத் தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பிரிங்ஸ்டீன் பிள்ளைகளைப் பெரும்பாலும் புகழின் வெளிச்சத்துக்கு வெளியில்தான் வளர்த்தார். ஒரு மகன் நியூ ஜெர்சியில் தீயணைப்பு வீரர். மகள் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மகளின் அந்த வீடியோ. அதை எடுத்துவிடுங்கள். இதில் நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை. அன்பில்தான் போட்டேன் என்பீர்கள், நம்புகிறேன். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒப்புதல் கொடுக்கவோ மறுக்கவோ தெரியாது. உங்கள் மனைவியைக் கேட்கவும் இல்லை. அதுவரை புகழ் உங்கள் நேரத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மகளையும் எடுத்துக்கொண்டது. பத்து நாள் பேசாமல் இருந்தது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

புகழ் இல்லாமல் ராக் இசை ஏது என்று கேட்கலாம். மேடை ஏறுகிறவனுக்குக் கேட்க ஆள் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சார்லி வாட்ஸ் என்று ஒரு டிரம்மர் இருந்தார். 1963 முதல் 2021-இல் இறக்கும்வரை அதே குழுவில் வாசித்தார். 1964-இல் மணந்த மனைவியோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுவில் இருந்துகொண்டு, நிகழ்ச்சி முடிந்ததும் தங்கும் அறைக்குப் போய் அந்த அறையின் கட்டிலைப் படமாக வரைவார். ஊர் ஊராக, படுத்த கட்டில்களையெல்லாம் வரைந்து வைத்திருந்தார். குழுவின் பாடகர் மிக் ஜாகர் வேண்டியமட்டும் புகழை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட மனிதர். அவரும் 1980-களின் நடுவில் குடியிலும் போதையிலும் விழுந்தார், எழுந்தும் வந்தார். ஆகவே அவரை மகான் ஆக்க வேண்டாம். மேடையில் இருக்கும்போது இசைக்காரனாகவும், இறங்கிய பிறகு வேறொருவனாகவும் இருக்க முடியும் என்பதற்கு மட்டும் அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு பிரிட்டன் பாடகி கேட் புஷ்ஷைச் சொல்லலாம். 1979-இல் ஒரே ஒரு சுற்றுப்பயணம் செய்தார். அதற்குப் பிறகு முழு நிகழ்ச்சி கொடுக்க மேடை ஏறியது 2014-இல், லண்டனில், 22 இரவுகள். இடையில் பாட்டு எழுதாமல் இல்லை. 1998-இல் மகன் பிறந்தான். 1993-க்குப் பிறகு அடுத்த ஆல்பம் 2005-இல்தான் வந்தது. அந்த மகன் 2014 நிகழ்ச்சியில் அம்மாவோடு மேடையில் இருந்தான். 1985-இல் வெளிவந்த அவருடைய பாடல் ஒன்று ஒரு தொலைக்காட்சித் தொடரின் வழியாக 2022-இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. 37 ஆண்டுகள் கழித்து, அவர் எந்த வீடியோவும் போடாமல். இதைச் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும்: அவர் இருபது வயதிலேயே பெயர் வாங்கியவர், பணக் கவலை இல்லாதவர். நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனால் அடுத்த மாதம் அழைப்பு குறையலாம். குறையட்டும் என்கிறேன். மூன்று வாரக் கடைசி இரண்டாகும்.

அப்படியானால் பணம்? அதற்கு ஒரு வழி உங்கள் துறையிலேயே இருக்கிறது. பெங்களூருவின் அகம் குழுவில் பலர் நெடுங்காலம் முழுநேர வேலையில் இருந்துகொண்டே வாசித்தவர்கள். கர்நாடக இசையையும் ராக்கையும் கலந்து ஒரு தனி அடையாளத்தை உருவாக்கியவர்கள். வேலைக்குப் போனால் கலைஞன் செத்துவிடுவான் என்பது கல்லூரி விடுதியில் கேட்கிற பேச்சு. குயின் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே 1970-களில் பாதியில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முடித்து 2007-இல், அறுபது வயதில், டாக்டர் பட்டம் வாங்கினார். பகுதி நேரமாகவாவது ஒரு வருமானம் இருந்தால், எந்த நிகழ்ச்சியை மறுப்பது என்ற சுதந்திரம் உங்களுக்கு வரும். இன்னொன்று, இது என் துறை அல்ல என்றாலும் சொல்கிறேன். சொந்தமாக எழுதி இசையமைத்த பாடல்களை, பாடல் உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பதிந்திருக்கிறீர்களா? நம் சட்டப்படி பாடலுக்கான பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. உங்கள் மகளுக்கு நீங்கள் வைத்துவிட்டுப் போகக்கூடிய சொத்தில் அதுவும் ஒன்று. வாரிசு நியமனப் படிவத்தை மனைவியோடு உட்கார்ந்து நிரப்புங்கள். உங்கள் இசையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நீங்கள் நினைப்பது அவருக்குத் தெரிய வரும்.

பெக் பற்றிய வரியை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிரம் பேர் முன்னால் நின்றவனின் உடல் உடனே அடங்காது. இதயத் துடிப்பும் விழிப்பும் இறங்கப் பல மணி நேரம் ஆகும். இது பலவீனம் அல்ல, உடலின் இயல்பு. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போது கெட்ட தூக்கமும் இறங்கிப்போன மனநிலையும் சேர்ந்துகொள்கின்றன. நேற்றிரவு ஆயிரம் பேர் கத்தினார்கள். இன்று காலை வீட்டில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமைதான் உங்கள் சண்டைகளில் பாதி நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2016-இல் பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 2,211 இசைத்துறையினர் கலந்துகொண்டார்கள். பதற்றத்தாலோ திடீர்ப் பீதியாலோ அவதிப்பட்டதாக 71 சதவீதம் பேரும், மனச்சோர்வு இருந்ததாக 68.5 சதவீதம் பேரும் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் நீங்கள் தனி ஆள் இல்லை. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தயக்கம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குடியை நீங்களாகவே நிறுத்த முடிகிறதா என்று அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளில் பாருங்கள். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். திங்கட்கிழமை மதியம்வரை உங்களுக்குத் தூக்கம் என்று மனைவியிடம் வெளிப்படையாகப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகச் செவ்வாய் முதல் வெள்ளிவரை காலை உங்களுடையது. எழுப்புவது, குளிப்பாட்டுவது, இரட்டைப் பின்னல் போடுவது, லஞ்ச் பாக்ஸ் கட்டுவது, பள்ளியில் கொண்டுபோய் விடுவது எல்லாம். மனைவி உதவிக்கு வரக் கூடாது, மாமனாரும் கூடாது. பின்னல் கோணலாகப் போகட்டும். உல்லாச விடுதியில் இரண்டு நாள் தங்கி இழந்ததை ஈடுகட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கேயும் நீங்கள் படம் எடுத்துப் போடுவீர்கள்.

ரசிகர்களுக்குப் பதில் எழுதும் வேலையைக் குழுவில் ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள், அல்லது ஒத்திகை நாட்களில் ஒத்திகைக் கூடத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள். அது தொழில் சார்ந்த வேலை. தொழில் செய்யும் இடத்தில் இருக்கட்டும். மாதத்துக்கு இத்தனை நிகழ்ச்சி, இந்த வாரக் கடைசி யாருக்கும் கிடையாது என்று நால்வரும் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். மற்ற மூவருக்கும் வீடு இருக்கிறது. அவர்களும் இதைச் சொல்ல யாராவது முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கலாம்.

கடைசியாக, இரண்டு ஆண்டு நிறுத்தச் சொல்கிறாரே உங்கள் மனைவி. அதற்கு இன்னும் ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். பகலில் வங்கி, மாலையில் குழந்தை, வயதான அப்பா, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் "மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார்?" என்ற கேள்வி. இத்தனையையும் சுமக்கிறவர் கோபத்தில் சொல்கிற எண் அது. அந்த இரண்டு ஆண்டில் அவருக்கு என்னென்ன கிடைக்கும் என்று நினைக்கிறார் என்று கேளுங்கள், கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். இசையை நிறுத்தாமலே கொடுக்கக்கூடியவை அந்தப் பட்டியலில் பல இருக்கும் என்பது என் கணிப்பு. நிறுத்தினால்தான் கிடைக்கும் என்பது ஒன்றிரண்டு இருக்கலாம். அவற்றைப் பற்றி மட்டும் மூன்றாவது ஆள் ஒருவர் முன்னால் இருவரும் பேசுவது நல்லது. அருகிலுள்ள குடும்பநல ஆலோசகரிடம் சேர்ந்து போங்கள். முதல் முறை மனைவியைப் பேச விடுங்கள்.